செவிக்கு ஒரு தராசு



வானொலி நிலையத்தில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசுகின்ற அறிவிப்பாளரின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் காதுகள் இரண்டையும் கிண்ணம்போல் இறுக மூடிக்கொண்டு ஒரு கருவி இருக்கும். அதைத்தான் ஹெட்போன் என்கிறோம். ஆனால், பதிவான நிகழ்ச்சியைப் பின்னர் அமைதியான அறையில் உட்கார்ந்து சீர்செய்கிற ஒலிப்பதிவாளர், பல வேளைகளில் வேறொரு வகை ஹெட்போனை அணிந்திருப்பார். அதன் வெளிப்புறத்தில் கெட்டியான மூடி இராது. சல்லடைபோல் துளைகளோ, மெல்லிய கம்பி வலையோ இருக்கும். அதைப் போட்டிருப்பவர் கேட்கும் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். பக்கத்தில் பேசுவதும் அவர் காதில் விழும்.

காதில் மாட்டுகிற கருவியை இப்படிப் பின்புறம் திறந்து வைப்பானேன்? ஒலி வெளியே கசிவது குறையல்லவா? குறைதான். ஆயினும் அந்தக் குறைக்குள்ளேதான் அதன் நிறையும் இருக்கிறது. இன்று நாம் ஆராயப்போவது இதைத்தான்.

ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில், பழைய கிள்ளான் சாலைக்கு அருகே கம்போங் மேடான் இருக்கிறது. தோட்டத்து வாழ்வை விட்டு நகரத்தை நாடி வந்த நம்மவர் பலர் குடியேறிய வட்டாரம் அது. 2004ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய பந்தாய் நெடுஞ்சாலை அதை ஒட்டிச் செல்வதால், வாகன இரைச்சலுக்கு அங்கே ஓய்வு கிடையாது. அவ்வட்டாரத்து அடுக்குமாடி ஒன்றில் ஓர் இளைஞர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் உறுமி மேளக் குழு ஒன்றில் வாசிக்கிறார். தைப்பூசத்திற்கு முன்னால் குழுவினரின் பாட்டைப் பதிவு செய்து நண்பர்களுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறார். கணினி இருக்கிறது, ஓர் ஒலிவாங்கி இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைத்த மூடிய வகை ஹெட்போனும் இருக்கிறது.

இரவெல்லாம் விழித்துப் பாட்டைச் சீர்செய்கிறார். உறுமியின் அடித்தொண்டை முனகல் காதில் அளவுக்கு மீறி அதிர்வதாகத் தோன்றவே, அதைக் கொஞ்சம் குறைக்கிறார். இன்னும் மிகையாகவே தோன்றுகிறது, மேலும் குறைக்கிறார். விடிந்ததும் அதே பாட்டை நண்பரின் காரில் போட்டுக் கேட்கிறார். உறுமி எங்கே போயிற்று? தகர டப்பாவைத் தட்டியதுபோல் இருக்கிறது! வாசித்தவர்மீது பிழையில்லை. பதிவிலும் பிழையில்லை. இல்லாத அதிர்வைக் கேட்டு, இருந்த அதிர்வை அவர் குறைத்துவிட்டார். கோணல் தராசில் நிறுத்தவரின் கதைதான் இது.

அந்தத் தராசு கோணலானது எப்படி என்று பார்ப்போம்.

பெரும்பாலான ஹெட்போன்களின் உள்ளே ஒரு காந்தம், மிக மெல்லிய கம்பிச் சுருள், அச்சுருளோடு ஒட்டிய சவ்வு ஆகிய மூன்றும் இருக்கின்றன. பாட்டின் மின்னோட்டம் சுருளில் பாயும்போது, காந்தம் அதை இழுத்தும் தள்ளியும் ஆட்டுகிறது. சுருளோடு சவ்வும் ஆடுகிறது. சவ்வு காதின் பக்கம் தள்ளும்போது அங்கே காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் சவ்வின் பின்பக்கத்துக் காற்று விரிகிறது. அதாவது, முன்னே ஓர் ஒலி பிறக்கும்போதெல்லாம் பின்னேயும் ஓர் ஒலி பிறக்கிறது. நமக்கு வேண்டியது முன்னே பிறப்பது. பின்னே பிறப்பதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

மூடிய வகையில் அது கிண்ணத்துக்குள் அடைபடுகிறது. சுவரில் மோதித் திரும்பி வந்து, சவ்வின் வழியாகவே மீண்டும் காதுக்குள் நுழைகிறது. குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் நம் குரலோடு குடத்தின் குரலும் சேர்ந்துகொள்கிறதல்லவா? அதுபோல், சில சுரங்கள் பருத்தும் சில சுரங்கள் மங்கியும் கேட்கும். உள்ளே அடைபட்ட காற்று ஒரு விற்சுருளைப்போல் சவ்வை எதிர்த்துத் தள்ளுவதும் உண்டு. நல்ல தயாரிப்பாளர்கள் பஞ்சும் நுரையும் வைத்து இதைப் பெரிதும் அடக்கிவிடுகிறார்கள். மலிவான கருவிகளில் அந்த அக்கறையை எதிர்பார்க்க முடியாது. போதாக்குறைக்கு, கேட்பவரை மயக்குவதற்காகத் தடித்த ஒலியை வேண்டுமென்றே மிகைப்படுத்தி விற்பதும் உண்டு.

திறந்த வகையில் பின்னே பிறக்கும் ஒலி துளைகளின் வழியே வெளியேறிவிடுகிறது. திரும்பி வருவதற்குச் சுவர் இல்லை. எதிர்த்துத் தள்ளுவதற்கு அடைபட்ட காற்றும் இல்லை. ஆகவே குடத்தின் குரல் சேராமல் பாட்டின் குரல் கிடைக்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ஒரு தட்டு எங்கே தொடங்கி எங்கே தேய்கிறது என்பதையும், பாடகர் மூச்சிழுக்கும் ஓசையையும், பதிவின் அடியில் படிந்துகிடக்கும் மின்விசிறியின் இரைச்சலையும் தெளிவாகப் பிரித்தறிய முடிகிறது. ஒலிப்பதிவாளர் இதை நாடுவது இன்பத்துக்காக மட்டும் அன்று. குறையைக் காட்டிக்கொடுக்கிற கருவி அவருக்கு வேண்டும்.

நம் நாட்டு வெப்பத்துக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மூடிய வகையை இரண்டு மணி நேரம் அணிந்திருந்தால் காதைச் சுற்றி வேர்த்து நனைந்துவிடும். திறந்த வகையில் காற்றோட்டம் இருப்பதால் புழுக்கம் குறைவு.

இந்தக் கருவி வந்த வரலாற்றையும் சுருக்கமாகப் பார்ப்போம். 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. கம்பியில்லாத் தந்தியைக் கேட்பதற்கு அவை பயன்பட்டன. 1937இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம், நாம் மேலே சொன்ன காந்தம், சுருள், சவ்வு முறையில் டிடி 48 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தது. இசையை இரு காதுகளுக்கும் பிரித்துத் தரும் ஸ்டீரியோ ஹெட்போனை 1958இல் அமெரிக்கரான ஜான் காஸ் வெளியிட்டார். அதுவரை வந்தவை பெரும்பாலும் கனத்த மூடிய வகைகளே. 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்ற திறந்த வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காதின்மேல் மஞ்சள் நிற நுரைப்பஞ்சு மட்டும் படியும்படி அமைந்த எடை குறைந்த கருவி அது. காதை அடைத்தால்தான் நல்ல ஒலி கிடைக்கும் என்ற எண்ணத்தை அது மாற்றிவிட்டது, இலட்சக்கணக்கில் விற்றது. 1979இல் சோனியின் வாக்மேனோடு வந்த சின்னஞ்சிறு நுரைப்பஞ்சு ஹெட்போனும் காதை அடைக்காத வகைதான். இன்று ஒலிப்பதிவுக் கூடங்களில் காணப்படும் பேயர்டைனமிக் டிடி 990, சென்ஹைசர் எச்டி 600 முதலியவை இவ்வழியில் வந்தவையே. முன்னது 1980களிலும் பின்னது 1997இலும் வெளிவந்தன.

நேயர்களே, இந்த இடத்தில் ஒரு கேள்வி எழலாம். ஒலிபெருக்கியில் கேட்டுச் சீர்செய்தால் போதாதா, ஹெட்போன் எதற்கு? நல்ல கேள்விதான். நன்கு அமைத்த பெரிய அறையில் ஒலிபெருக்கிக்கு ஈடு இல்லை. ஆனால் அடுக்குமாடி வீட்டின் அறை எத்தனை அடி? பன்னிரண்டு அடி என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்கிறது. ஒரு நொடிக்கு 50 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 7 மீட்டர். அதில் பாதி, மூன்றரை மீட்டர். அதுதான் ஏறத்தாழ நம் பன்னிரண்டடி அறை. இதனால் அந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதி, நகராமல் நின்று அதிரும். சுவர் ஓரத்தில் அது முழங்கும். அறையின் நடுவிலோ அடங்கிப் போகும். நாற்காலியை நகர்த்தினால் உறுமியின் அளவே மாறிவிடும்! எதை நம்பி நிறுப்பது? ஹெட்போனுக்கு இந்த அறைத் தொல்லை இல்லை. அண்டை வீட்டாரோடு சண்டையும் இல்லை.

ஆயினும் ஹெட்போனுக்கென்று ஒரு மயக்கம் உண்டு. இரண்டு ஒலிபெருக்கிகளின் எதிரே அமர்ந்தால், இடப்பக்கத்து ஒலி வலக்காதுக்கும் போய்ச் சேர்கிறது. ஆனால் சற்றே மெலிந்தும் சற்றே தாமதித்தும் சேர்கிறது. அந்தத் தாமதம், ஒலி முழுவதும் பக்கவாட்டில் இருந்து வரும்போதும், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. அந்த நுண்ணிய வேறுபாட்டை வைத்துத்தான் ஓசை எங்கிருந்து வருகிறது என்று மூளை கணக்கிடுகிறது. ஹெட்போனில் இடப்பக்கத்து ஒலி இடக்காதுக்கே. வலப்பக்கத்து ஒலி வலக்காதுக்கே. அதனால் பாடகர் நம் எதிரே நிற்பதாகத் தோன்றாமல், நம் தலைக்குள்ளேயே நிற்பதாகத் தோன்றுகிறது. திறந்த வகையில் இந்த நெருக்கடி சற்றுக் குறையும், அடியோடு நீங்காது. தவிர, மிகத் தாழ்ந்த ஒலிகள் திறந்த வகையில் மெலிந்து கேட்பதும் உண்டு. அதை நம்பி உறுமியைக் கூட்டிவிட்டால், காரில் கண்ணாடி அதிரும். எனவே ஹெட்போனில் சீர்செய்த பாட்டை ஒலிபெருக்கியிலும், காரிலும், கைப்பேசியிலும் ஒருமுறை கேட்டுப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். ஒரே தராசை நம்புவதைவிட இரண்டு தராசில் நிறுத்துப் பார்ப்பது நல்லது.

திறந்த வகையை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒலிவாங்கியின் முன் கூடாது. பாடுகிறவர் ஏற்கெனவே பதிவான மேளத்தைக் கேட்டுக்கொண்டே பாடுவார். அவர் அணிந்திருப்பது திறந்த வகையானால், கசிகின்ற மேளம் ஒலிவாங்கிக்குள் புகுந்து குரலோடு கலந்துவிடும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது பாலில் கலந்த நீரைப் பிரிப்பது போன்றது. வானொலி அறிவிப்பாளர் மூடிய வகையை அணிவதற்கும் இதுதான் காரணம்.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள, 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தை நேயர்கள் அறிவீர்கள். பார்வையற்றோருக்குப் பேசும் புத்தகம் எத்துணை அருமையான துணை! அத்தகைய புத்தகம் ஒன்றைப் பதிவு செய்யும்போது, படிக்கிறவருக்கு மூடிய வகை வேண்டும். படித்ததைத் திருத்துகிறவருக்குத் திறந்த வகை உதவும். ஓர் எழுத்து விழுங்கப்பட்டிருந்தாலும், ஒரு பக்கம் புரளும் ஓசை இடையே நுழைந்திருந்தாலும் அவருக்கு அது தெரிந்துவிட வேண்டும். ஏனெனில், அப்புத்தகத்தைக் கேட்பவருக்குக் கண்ணும் செவிதான்.

வாங்கும்போது பலரும் இடறுவது ஓம் என்ற எண்ணில். அது மின்னோட்டத்தைக் கருவி எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் அளவு. கைப்பேசிக்கென்று செய்த ஹெட்போன்கள் பெரும்பாலும் 32 ஓம் அளவில் இருக்கும். எச்டி 600 வகை 300 ஓம். டிடி 990 வகையில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கென்று வருவது 250 ஓம். கம்பி மெலிந்து சுற்று பெருகினால் இந்த எண் உயரும். இத்தகைய கருவியைக் கைப்பேசியில் நேரே செருகினால் ஒலி எழும்பாமல் சுரத்தின்றிக் கேட்கும். கருவி பழுது என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கேற்ற சிறு மின்பெருக்கி வேண்டும், அவ்வளவுதான். ஒலிப்பதிவுக் கூடங்கள் ஒரு காலத்தில் 600 ஓம் கருவிகளை விரும்பியதற்கும் காரணம் உண்டு. பத்து ஹெட்போன்களை ஒரே மின்பெருக்கியில் பக்கம் பக்கமாக இணைத்தாலும் மொத்தத் தடை 60 ஓமுக்குக் குறையாது. மின்பெருக்கிக்குச் சுமை ஏறாது.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

நம் கம்போங் மேடான் இளைஞர் தம் தவற்றை உணர்ந்து, சில நூறு ரிங்கிட் சேர்த்து, நல்ல திறந்த வகை ஒன்றை வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்கு அதை அணிந்து உட்காருகிறார். நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். கீழ்மாடியில் தொலைக்காட்சி. நடைவழியில் பிள்ளைகளின் விளையாட்டு. திறந்த வகை எதையும் தடுக்காது. இரைச்சலுக்கு மேலே பாட்டைக் கேட்க வேண்டி, ஒலியைக் கூட்டுகிறார். மறுபடியும் கூட்டுகிறார். அரை மணி நேரத்தில் காது அதற்குப் பழகிவிடுகிறது, இன்னும் கூட்டுகிறார். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

காதின் உட்புறத்தில் நத்தைக்கூடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அதிர்வை உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றவை அவையே. கடும் ஒலி தொடர்ந்து தாக்கினால் அவை அறுகம்புல்போல் சாய்கின்றன. மிதித்த புல் நிமிரும். மிதித்துக்கொண்டே இருந்தால் பட்டுப்போகும். மனிதரின் காதில் பட்டுப்போன மயிரணு மீண்டும் முளைப்பதில்லை.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் இரைச்சல் பாதுகாப்பு விதிகள், வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாக 85 டெசிபல் என்ற எல்லையை வகுத்துள்ளன. இதில் ஒரு கணக்கை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம், காது தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்றால், 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு மணி, 94இல் ஒரு மணி, 100 டெசிபலில் கால் மணி நேரம் மட்டுமே. மூன்று டெசிபல் என்பது குமிழை மிகச் சிறிதளவே திருப்பியதற்குச் சமம். திருப்பியது நமக்கே சரியாகத் தெரியாது. ஆனால் காதின் கணக்கில் அது பாதி நாள்.

தொழிற்சாலையில் இயந்திரம் இரைகிறது என்றால் முதலாளி காதடைப்பான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வீட்டில் தாமே மாட்டிக்கொள்ளும் இரைச்சலுக்கு எந்த ஆய்வாளரும் வரமாட்டார். பாட்டைச் சீர்செய்ய வந்தவர், அதைக் கேட்கும் செவியையே இழந்தால் யாருக்கு நட்டம்? தராசு நேராக இருக்கிறது. நிறுப்பவரின் கை நடுங்கிவிடுகிறது.

ஆகவே, திறந்த வகையை வைத்து வேலை செய்ய விரும்பும் இளைஞர்களுக்குச் சில யோசனைகள். முதலாவது, இடமும் நேரமும் பார்த்து உட்காருங்கள். சாலை அடங்கிய பின்னிரவோ விடியற்காலையோ சிறந்தது. சன்னலைச் சாத்தி, தடித்த திரையிட்டு, விசிறியைத் தாழ்த்துங்கள். இரண்டாவது, ஒலியைத் தாழ்வாக வைத்துத் தொடங்குங்கள். பக்கத்தில் ஒருவர் இயல்பான குரலில் கூப்பிட்டால் உங்கள் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் ஒலி மிகை என்று பொருள். திறந்த வகை தரும் எளிய எச்சரிக்கை இது. மூடிய வகையில் இதைப் பெற முடியாது. மூன்றாவது, ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் எழுந்து நடங்கள். திரும்பி வந்து கேட்டால், காது பழகிப்போய் மறைத்த குறைகள் தெரியவரும். நான்காவது, காதில் இரைந்தாலோ, பஞ்சு அடைத்ததுபோல் இருந்தாலோ அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். அது நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் இரவு வேலை முடித்து வந்து பகலில் கண்ணயரும் தாயோ தந்தையோ இருக்கலாம். சுங்கைவே தொழிற்பேட்டைக்கு முறைவேலைக்குச் சென்றுவரும் குடும்பங்கள் அவ்வட்டாரத்தில் எத்தனையோ! திறந்த வகை அணிந்தவர், தமக்கு மட்டும் கேட்பதாக எண்ணிவிடக் கூடாது. ஒரே அறையில் உறங்குகிறவருக்கு அந்தக் கசிவு இரவு முழுதும் கொசுவின் ரீங்காரம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நல்ல மூடிய வகையே ஏற்றது. அதன் சுபாவத்தைப் பல பாட்டுகளைக் கேட்டுப் பழகிக்கொண்டு, எங்கே அது மிகைப்படுத்துகிறது என்பதை மனத்தில் வைத்து வேலை செய்யலாம். கோணல் இன்னதென்று தெரிந்த தராசிலும் நிதானமாக நிறுக்க முடியும்.

நேயர்களே, இசை ஞானம் வேறு, இசையைக் காப்பாற்றிப் பிறருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஞானம் வேறு. நம் உறுமியும் நாதஸ்வரமும் நம் பிள்ளைகளின் புதுப்பாட்டும் நாளைக்கு நிலைப்பது, இன்று அடுக்குமாடி அறைகளில் அவற்றைப் பதிவு செய்பவர்களின் செவியில் இருக்கிறது. விலை உயர்ந்த கருவி அவர்களுக்கு உதவலாம். ஆனால் அது பழுதானால் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். செவியை வாங்க எந்தக் கடையும் இல்லை.

இன்றிரவு ஹெட்போனை எடுத்து மாட்டும்முன், ஒலிக்குமிழை ஒருமுறை கீழே திருப்பி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.